வர மறுப்பது ஆள் அல்ல, நாள்

டோக்கியோவில் ஓர் அலுவலகம். வேலை முடியும் நேரத்தில் ஒருவர் பக்கத்து மேசைக்காரரிடம், "டொயோபி, ஐட்டே இமாஸ் கா?" என்கிறார். சனிக்கிழமை ஓய்வா என்று கேட்கிறார். அவர் தலையை லேசாகச் சாய்த்து, "டொயோபி வா சொட்டோ..." என்று இழுத்து நிறுத்துகிறார். 'சனிக்கிழமை கொஞ்சம்...' அவ்வளவுதான், வினைச்சொல்லே வரவில்லை. கேட்டவருக்கோ முழுசாகப் புரிந்துவிட்டது. "சரி, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று கிளம்புகிறார்.

இந்தச் சின்னப் பேச்சுக்குள் பல வேலைகள் நடக்கின்றன. முதலில் அந்தக் கேள்வி. ஓய்வா என்று கேட்டால், அடுத்து ஓர் அழைப்பு வருகிறது என்று இருவருக்குமே தெரியும். 1960களில் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப் முதலானோர் அமெரிக்காவில் தொடங்கிய உரையாடல் ஆய்வில் இதை முன்தொடர் என்கிறார்கள். அழைப்பை வெளியே சொல்லும் முன்பே தடம் சரியா என்று பார்த்துக்கொள்வது. இங்கேயே தடங்கல் தெரிந்துவிட்டால், அழைத்ததாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது.

எல்லா மொழியிலும் இது உண்டு. ஜப்பானியத்தின் இலக்கணம் இதற்கு ரொம்பவே கைகொடுக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கேள்வியில் வந்த 'ஐட்டே இமாஸ்', அதாவது 'ஐட்டே இரு', காலியான நாற்காலிக்கும் சொல்லும் வினை. காலியாக இருப்பது சனிக்கிழமை, ஆள் அல்ல. பதிலில் வரும் 'வா' என்ற ஒட்டு, அந்த நாளை மட்டும் தனியே எடுத்து வைக்கிறது. சனிக்கிழமையைப் பொறுத்தவரை இப்படி, மற்ற நாள் வேறாக இருக்கலாம் என்ற பொருள் அதிலேயே ஒட்டியிருக்கிறது. அப்புறம், தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில்தான் வரும். எனவே 'முடியாது' என்ற சொல்லுக்கு முன்னாலேயே வாக்கியத்தை நிறுத்திவிட முடிகிறது. என்ன வேலை, எங்கே போகிறீர்கள் என்று யாரும் துருவ மாட்டார்கள். துருவினால்தான் மரியாதைக் குறைவு.

இழுப்புக்கும் பொருள் உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 10 மொழிகளில் ஆம்–இல்லை கேள்விகளுக்குப் பதில் வரும் வேகத்தை அளந்தது. ஜப்பானியத்தில் சராசரி இடைவெளி சுமார் 7 மில்லி விநாடி, அதுதான் மிகக் குறைவு. டேனிஷில் சுமார் 469. பொதுவாக, ஒத்துப்போகும் பதில் சீக்கிரமும் ஒத்துப்போகாத பதில் தாமதமாகவும் வந்தது. இவ்வளவு வேகமாகப் பதில் வந்து பழகிய காதுக்கு ஒரு சின்னத் தயக்கமே போதும்.

மேலதிகாரியிடம் 'ஹிமா தெஸ் கா?' என்று கேட்கக் கூடாது. 'சும்மாதானே இருக்கீங்க?' என்பது போல விழும். அங்கே 'கொ-ட்சுகோ வா இகாகா தெஸ் கா?', அதாவது தங்கள் சௌகரியம் எப்படி என்று கேட்பார்கள். வர முடியாதவரும் 'ட்சுகோ கா வாருய்', சௌகரியம் சரியில்லை என்பார். பழி இங்கேயும் சூழ்நிலை மேல்தான்.

உண்மையிலேயே வர ஆசைப்படுகிறவர் 'சொட்டோ'வோடு நிற்க மாட்டார். "நிச்சியோபி நரா..." என்று தொடர்வார். ஞாயிறு என்றால், என்று அர்த்தம். அதையும் முடிக்காமல்தான் விடுவார். நேரம், இடம் குறிப்பது அழைத்தவர் வேலை.