பாவித்த பிளாஷ் வாங்கும்போது நீங்கள் வாங்குவது பற்றரியின் வயதை

கடந்த ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி மட்டக்களப்பில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பையிலிருந்து அவர் எடுத்து வைத்தது, பற்றரியில் இயங்கும் 200 வாற் செக்கன் பிளாஷ் ஒன்று (வாற் செக்கன் என்பது ஒரு மின்னலின் சக்தி அளவு, ஒரு வாற் செக்கன் ஒரு ஜூல்). இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, கொழும்புக்குப் போய், இரண்டு கல்யாண முற்பணத்தைக் கொடுத்து வாங்கியிருந்தார். வெளியில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணன், வாங்கக்குள்ள நல்லாத்தான் அடிச்சது. மண்டபத்துல தாலி கட்டக்குள்ள நிண்டிட்டு" என்றார்.

திரையில் பற்றரிக் கோடுகள் முழுமையாகத் தெரிந்தன. முழுச் சக்தியில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். முதல் மின்னலுக்குப் பின் இரண்டு செக்கனில் தயாரான பிளாஷ், ஒன்பதாவதுக்குப் பின் ஐந்து செக்கன் எடுத்தது. பதினான்காவதில் திரையே அணைந்துபோனது. ஐந்து நிமிடம் ஓய்வாக வைத்துவிட்டு மீண்டும் போட்டபோது, ஒன்றுமே நடவாததுபோல மூன்று கோடுகளைக் காட்டியது.

இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாகப் படம் எடுத்தும் பிளாஷ் திருத்தியும் வருகிற எனக்கு, இப்படி வருகிற பிளாஷ்களில் பெரும்பாலானவற்றின் நோய் இதுவே. பிளாஷ் நல்லாயிருக்கும், பற்றரி கிழமாகியிருக்கும். விற்பவர் ஒரேயொரு மின்னலை அடித்துக் காட்டுவார், வாங்குபவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காசை எண்ணிக் கொடுப்பார்.

திரையில் தெரியும் கோடுகள் பற்றரியின் வோல்ற் அளவைத்தான் காட்டுகின்றன, அதற்குள் எவ்வளவு மின்சாரம் மிஞ்சியிருக்கிறது என்பதையோ, கேட்ட மாத்திரத்தில் அதைத் தர முடியுமா என்பதையோ அவை சொல்வதில்லை. ஆடி மாதத்துக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் பளபளக்கும். மூன்று வாளி அள்ளியதும் சேறு வரும், பிறகு ஊற்று ஊறும்வரை காத்திருக்க வேண்டும். வயதான லிதியம் பற்றரியும் அப்படித்தான். மின்சாரம் வெளியேறுவதை உள்ளேயே மறிக்கும் அதன் உள்தடை கூடியிருப்பதால், மின்னலுக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிற்றர் மின்னேறுவதற்காக ஒரேயடியாக இழுக்கும்போது வோல்ற் சரிந்துவிடுகிறது, செல் ஒன்றுக்கு 3 வோல்ற் அளவுக்குக் கீழே போனதும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். கோடொக்ஸ் கம்பனியின் 200 வாற் செக்கன் பிளாஷான ஏடி200 இன் பற்றரி 14.4 வோல்ற், 2900 மில்லி அம்பியர் மணி. பெருக்கினால் சுமார் 42 வாற் மணி, அதாவது ஏறத்தாழ 150,000 ஜூல். புதுப் பற்றரியில் 500 முழுச் சக்தி மின்னல்கள் கிடைக்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. 500 தரம் 200 என்றால் 100,000 ஜூல், மிச்சம் சூடாகப் போகிறது. ஆகவே உங்கள் கைக்கு வந்த பிளாஷ் 250 முழு மின்னல் தந்தால் பற்றரியில் பாதி உயிர் இருக்கிறது என்று கொள்ளலாம். கல்யாண மண்டபத்துக்குள் யாரும் முழுச் சக்தியில் அடிப்பதில்லை, கால் சக்தியில் அடித்தால் அதே பற்றரி நான்கு மடங்கு எண்ணிக்கை தரும், எனவே பாதி உயிருள்ள பற்றரியும் நியாயமான விலைக்குக் கிடைத்தால் உதவாதது அல்ல. ஆனால் பாசிக்குடாவில் நண்பகல் வெயிலில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்திப் படம் எடுப்பவர்களுக்குக் கதை வேறு. ஐ.எஸ்.ஓ. 100, 1/200 செக்கன், எஃப் 11 என்று கமரா வெயிலுக்கு ஏற்ப நிற்கும்போது, வெளிச்சத்தைப் பரப்பும் குடைக்குள் வைத்த சாதாரண கமரா பிளாஷ் தோற்றுப்போகும், 200 வாற் செக்கன் பிளாஷும் ஏறத்தாழ முழுச் சக்தியில்தான் உழைக்க வேண்டியிருக்கும். கல்லடிப் பாலத்தடியிலோ முகத்துவாரத்து வெளிச்சவீட்டடியிலோ பிளக் தேடவும் முடியாது. பற்றரி பிளாஷை வாங்குவதே இந்த வேலைக்காகத்தான்.

எனவே விற்பவரின் வீட்டிலேயே பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பிளாஷை முழுச் சக்தியில் வைத்து, கமராவை முக்காலியில் நிறுத்தி, வெறும் சுவர் ஒன்றைக் குறிவைத்து, அப்பேர்ச்சரையும் ஷட்டரையும் கையால் நிலைப்படுத்திக்கொண்டு இருபது படம் எடுங்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் பின்னர் தயார் விளக்கு எரிவதற்கு எடுக்கும் நேரத்தைத் தொலைபேசியில் பாருங்கள். முதலாவதுக்கும் இருபதாவதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது. பிறகு இருபது படங்களையும் திரையில் வரிசையாகத் தள்ளிப் பாருங்கள்: சுவர் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் நல்லது, ஒன்று வெளுத்தும் அடுத்தது மங்கியும் வந்தால் கெப்பாசிற்றரிலோ கட்டுப்பாட்டுச் சுற்றிலோ கோளாறு உண்டு. மின்னல்களுக்கிடையில் ஐந்தாறு செக்கன் இடைவெளி விடுங்கள். விடாமல் அடித்தால் நல்ல பிளாஷும் சூட்டுப் பாதுகாப்புக்குப் போய் மெதுவாகிவிடும், அதைக் குறையாக எடுத்து விற்பவருடன் சண்டை பிடிக்க வேண்டாம். இந்தப் பரிசோதனைக்கு ஒருவர் உடன்படவில்லை என்றால், நான் அந்தப் பொருளை அத்துடன் மறந்துவிடுவேன்.

பற்றரியைத் தனியே கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் ஒரு மூலையை அழுத்துங்கள். ஆடினால் அடிப்பக்கம் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இணையும் முனைகளுக்கருகில் முகர்ந்தால், இனிப்புக் கலந்த நகப்பூச்சு போன்ற வாடை வந்தால் உள்ளே ஏதோ ஒரு செல் கசிகிறது. வீங்கிய பற்றரிக்கு வைத்தியம் கிடையாது.

அடுத்து, இப்போது அதிகம் கேட்கிற ஒரு வசனம்: "செல் மாற்றிப் புதுசாக்கினது." 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய காலத்தில், புதுப் பற்றரி வாங்க வழியில்லாமல் பலர் இதைச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளே போடப்பட்ட செல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்து எடுத்த 18650 என்ற அளவுள்ள உருளைச் செல்கள் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். மடிக்கணினி அவற்றிடம் மெதுவாகவே மின்சாரம் கேட்கும். பிளாஷ் அப்படியல்ல. 600 வாற் செக்கன் பிளாஷ் ஒன்று இரண்டரைச் செக்கனில் தயாராக வேண்டுமென்றால், இழப்பையும் சேர்த்து, 11.1 வோல்ற் பற்றரியிடம் 30 அம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத செல்கள் கொதித்துப்போகும், ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் சுற்றையும் கழற்றி எறிந்திருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். அத்துடன், 18650 அளவு செல்லில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய் என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்த அளவுச் செல்லில் மிக நல்லது 3500 சொச்சத்தைத் தாண்டாது. கவசத்தின் விளிம்பில் கத்தி நெம்பிய தடம், பசையின் மிச்சம், தலை தேய்ந்த திருகாணி, இவற்றைத் தேடிப் பாருங்கள்.

மின்னல் எழும் கண்ணாடிக் குழாயான ரியூப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரு முனைகளிலும் கருமை ஏறியிருந்தால் அதிகம் அடித்த பிளாஷ், கழற்றக்கூடிய ரியூப் என்றால் விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். கோடொக்ஸின் 600 வாற் செக்கன் பிளாஷ்களில் ஏடி600பி என்பதும் ஏடி600பிஎம் என்பதும் ஒரே உடம்புதான், ஆனால் கமராவே பிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் டிடிஎல் வசதி பின்னதில் கிடையாது. 'பி' என்ற எழுத்து, பிளாஷின் முன்னால் துணைக் கருவிகளைப் பொருத்தும் போவென்ஸ் பூட்டைக் குறிக்கும். போவென்ஸ் கம்பனி 2017 இல் மூடப்பட்டாலும் அந்தப் பூட்டு எங்கும் புழங்குவதால், வெளிச்சத்தை மென்மையாக்கும் சொப்ட்பொக்ஸ் வாங்க அது வசதி.

நம் பக்கத்தில் பாவித்த பிளாஷ் வரும் மற்றொரு வழி, லண்டன், ரொறன்ரோ, டோஹா என்று இருக்கும் சொந்தக்காரர்கள். சித்தப்பா கொண்டுவந்தார் என்பதற்காகச் சோதிக்காமல் விடாதீர்கள். கமராவிலிருந்து வானொலி அலையில் பிளாஷை அடிக்கவைக்கும் பொக்கெற் விசார்ட் ட்ரிகர் கனடாவிலிருந்து வந்தால் 344 மெகாஹேர்ட்ஸ் பக்கம் பேசும், இங்கிலாந்திலிருந்து வருவது 433 மெகாஹேர்ட்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று பேசவே மாட்டா. அண்ணன் கனடாவிலிருந்து ஒன்றையும் அக்கா லண்டனிலிருந்து மற்றொன்றையும் அனுப்பிவைத்து, இரண்டும் பழுது என்று என்னிடம் கொண்டுவந்த குடும்பம் ஒன்று ஆரையம்பதியில் இருக்கிறது. சாஜரில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், 100 அல்லது 120 மட்டுமே என்றிருந்தால் நமது 230 வோல்ற் அதை ஒரே நொடியில் எரித்துவிடும். விமானத்தில் கொண்டுவருபவர்களிடம், உதிரிப் பற்றரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பக்கூடாது என்று சொல்லிவையுங்கள். 100 வாற் மணி வரை பொதுவாகத் தடையில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஏடி600பி பற்றரி 96.57 வாற் மணி என்பதால் மயிரிழையில் தப்பிவிடுகிறது.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். பற்றரியைக் கழற்றிவிட்டால் பிளாஷ் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கெப்பாசிற்றரில் ஏறிய 300 வோல்ற் அளவான மின்சாரம் பற்றரி இல்லாமலும் நீண்ட நேரம் அங்கேயே இருக்கும். சாதாரண கமரா பிளாஷில் உள்ள 50 ஜூல் அளவே இதயத்தை நிறுத்தப் போதுமானது, 600 ஜூல் என்பதை நினைத்துப் பாருங்கள். தொழிலைத் தொடங்கிய காலத்தில், அணைத்து வைத்த பிளாஷ்தானே என்று மூடியைத் திறந்து, ஸ்க்ரூ ட்ரைவரால் முனைகளைத் தொட்டேன். வெடிச் சத்தத்தில் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் ஓடிவந்தார். ஸ்க்ரூ ட்ரைவரின் நுனி உருகிக் கிண்ணம்போலக் குழிந்திருந்தது, வலது பெருவிரலில் இருக்கும் வெள்ளைத் தழும்பு அன்று வந்தது. யூரியூப் பார்த்து வீட்டில் பிளாஷைத் திறக்காதீர்கள்.

நீண்ட காலம் பெட்டிக்குள் கிடந்த பிளாஷ் மற்றொரு சிக்கல். "பாவிக்கவே இல்லை, புதுசு மாதிரி" என்பது வாங்குபவர் காதுக்கு இனிக்கும், எனக்கு அது எச்சரிக்கை. அலுமினியக் கெப்பாசிற்றரின் உட்படலம் மின்னேறாமல் கிடக்கும்போது மெலிந்து போகிறது. அத்தகைய பிளாஷைப் போட்டதும் முழுச் சக்தியில் அடிக்காமல், சில நிமிடம் சும்மா விட்டு, குறைந்த சக்தியில் பத்துத் தரம் அடித்து, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அப்போது காதைக் கிட்டே வையுங்கள். மின்னேறும் மெல்லிய கூவல் தயார் விளக்கு எரிந்ததும் அடங்க வேண்டும், ஒன்றிரண்டு செக்கனுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கூவினால் கெப்பாசிற்றர் கசிகிறது. பழைய பிலிம் காலத்துப் பிளாஷை டிஜிற்றல் கமராவின் தலையில் நேராகப் பூட்டுவதும் ஆபத்து. சிலவற்றில் கமராவைத் தொடும் ட்ரிகர் முனையில் 200 வோல்ற்றுக்கு மேல் இருக்கும், பழைய கெனன் டிஜிற்றல் கமராக்கள் சிலவற்றுக்கு 6 வோல்ற்தான் எல்லை. மீற்றர் வைத்து அளந்து பார்க்காமல் பூட்டாதீர்கள்.

மட்டக்களப்பில் இதற்கெல்லாம் மேலாக உப்புக் காற்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, பற்றரி அறையின் பித்தளை முனைகளில் பச்சை பூக்காமல் என்ன செய்யும்? 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சில மாதங்கள், துடைத்துப் பளபளப்பாக்கிய பிளாஷ்கள் சில என் மேசைக்கு வந்தன. பூட்டு வளையத்தின் உட்புறத்தையும் யூஎஸ்பி துளையையும் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது வண்டல் படிந்திருந்தது. வெளியைத்தான் துடைக்க முடியும்.

வாங்கிய பிறகு பற்றரியை நிரப்பி அலுமாரியில் அடைக்காமல், பாதி அளவில் வைத்து, மாதம் ஒருமுறை பிளாஷில் போட்டு அடித்து எடுங்கள். கட்டிலில் வைத்துச் சாஜ் ஏற்றிவிட்டுத் தூங்க வேண்டாம், சீமெந்துத் தரையில், கண்ணுக்கெட்டிய இடத்தில் ஏற்றுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள். வீங்கியதைக் குப்பையோடு எரிக்கவோ வாவியில் எறியவோ கூடாது, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் வைப்பதற்காக என் கடையின் பின்வாசலில், கல்லடி மணல் நிரப்பிய பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. களுவாஞ்சிகுடித் தம்பிக்குப் புதுப் பற்றரி வந்துவிட்டது, பழையது அந்த மணலுக்குள் கிடக்கிறது.