அலைக்கற்றைப் பகிர்வு

2ஜி வழக்கு நமக்கு விட்டுப்போன ஒரே நல்ல சொத்து 'அலைக்கற்றை' என்ற சொல்தான். அதற்கு முன் டீக்கடைப் பேச்சில் அதை நான் கேட்டதில்லை.

கைபேசி, தொலைக்காட்சி போன்றவை பயன்படுத்தும் வானொலி அலைவரிசைகளின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். மூலச்சொல்லான ஸ்பெக்ட்ரம் இலத்தீன். 'பார்' என்ற வினையிலிருந்து பிறந்தது. தோற்றம், ஆவியுரு என்று பொருள். முப்பட்டகம் வழியே பிரிந்து சுவரில் விழுந்த வண்ணப் பட்டைக்கு 1670களில் நியூட்டன் இந்தப் பெயரை வைத்தார். அதற்குத் தமிழில் நிறமாலை. கண்ணுக்கே தெரியாத வானொலி அலைக்கும் அந்தப் 'பார்வை'ச் சொல் ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான்.

தமிழில் நாம் பிடித்தது கற்றையை. வைக்கோல் கற்றை, கற்றைக் கூந்தல் என்பதுபோல, சேர்த்துக் கட்டியது. ஏலத்துக்குப் பொருத்தமான உவமை: கட்டு கட்டாக விற்கலாம். ஆனால் வைக்கோல் தின்றால் தீரும், அலை தீராது. ஓர் ஊரில் ஒருவர் பயன்படுத்தும் அலைவரிசை, தள்ளியிருக்கும் இன்னோர் ஊரில் சும்மா கிடக்கும். அதை மற்றவரும் இடையூறு செய்யாமல் பயன்படுத்துவதே பகிர்வு. 'பங்கீடு' என்று எழுதாதீர்கள். அது ரேஷன் போல ஆளுக்கொரு கூறு போடுவது. வீட்டு வைஃபை நல்ல பகிர்வு: 2.4 கிகாஹெர்ட்ஸில் எல்லாரும் உரிமமின்றிப் புழங்குகிறோம்.

மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டக் கிராமங்களில் மும்பை ஐஐடி குழு சோதித்தது இன்னொரு வகை. இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டுமே. அதனால் தொலைக்காட்சிக்கான 470–590 மெகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. அந்தக் காலியிடத்தில்தான் குழு இணையத்தை அனுப்பிப் பார்த்தது. அதிர்வெண் தாழ்ந்த இந்த அலைகள் வைஃபை அலைகளைவிட மரம், இலைதழைகளைத் தாண்டி வெகுதூரம் போகும். ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடியிழை இணைய வடம் வந்துவிட்டால், அங்கிருந்து குக்கிராமங்களுக்குப் பள்ளம் தோண்டாமலே இணையம் கொண்டுபோகலாம். செலவு குறைவதே இங்கேதான்.

இப்படிக் காலியாகக் கிடக்கும் அலைவரிசையை ஆங்கிலத்தில் 'வெள்ளை இடம்' என்கிறார்கள். அப்படியே பெயர்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் நினைவுக்கு வரும். நம்மிடம் 'தரிசு' இருக்கிறதே! 'தரிசு அலைவரிசை' என்பது என் பரிந்துரை. தரிசு என்றால் உதவாத நிலம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். சரி, ஆனால் உழாமல் கிடப்பதால்தான் அது தரிசு, உழுதால் விளையும். ஒன்று மட்டும்: உரியவர் ஒளிபரப்பத் தொடங்கினால் உழுதவர் வேறு அலைவரிசைக்கு நகர வேண்டும். அமெரிக்கா 2008இல் அனுமதித்தபோதே, எந்த அலைவரிசை எங்கே காலி என்று தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டுத்தான் கருவி பேச வேண்டும் என்று விதித்தது. ஏறக்குறைய, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் ஊர்க் கணக்கான அடங்கலைப் பார்ப்பதுபோல.