மைகிரேஷன்: பெயர்வா, பெயர்ப்பா?

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன்: "இண்டைக்கு இரவு நித்திரை இல்லையம்மா, ஒரு சேர்வரை இடம்பெயர்க்கிற வேலை இருக்கு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகு நின்றது. "ஆர் மோனை இடம்பெயருறது? எவடத்துக்கு?"

கிளிநொச்சியில் இந்தச் சொல்லைச் சும்மா எடுத்து வீசமுடியாது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனம் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தது. 1996 இல் கிளிநொச்சியே வெறிச்சோடியது. 2008, 2009 இல் மேற்கிலிருந்து கிழக்காக முல்லைத்தீவுக் கரைவரை நகர்ந்தார்கள். யாராவது இடம்பெயர்வு என்று கதையைத் தொடங்கினால், "எந்த இடம்பெயர்வு?" என்று கேட்டுத்தான் மற்றவர் காது கொடுப்பார். ஒரு கணினியில் ஓடும் வேலையை இன்னொரு கணினிக்கு நகர்த்துவதை ஆங்கிலத்தில் மைகிரேஷன் என்பார்கள். அதற்குக் கணினித் தமிழ் இதே சொல்லைக் கூசாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

மைகிரேஷனின் வேர் இலத்தீன் மொழியின் மிக்ராரே. ஓரிடம் விட்டு இன்னோரிடம் போவது என்பதே பொருள். பறவைக்கும் மனிதருக்கும் ஆனது, பிறகு கணினிக்கும் வந்தது. அந்த ஒரே வேரிலிருந்து ஆங்கிலம் கிளைவிட்ட சொற்களுக்கு நாங்கள் தனித்தனியே தமிழ் வைத்திருக்கிறோம். கடவுச்சீட்டு எடுக்கப் போனால் பலகையில் குடிவரவு, குடியகல்வு. நாட்டுக்குள்ளேயே அலைந்தவர் இடம்பெயர்ந்தோர். கனடாவில் இருக்கும் சித்தப்பா புலம்பெயர்ந்தோர். இதில் கடைசிச் சொல் பழையது: காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த பிறநாட்டாரைப் பட்டினப்பாலை "புலம்பெயர் மாக்கள்" என்கிறது.

இவை எல்லாவற்றிலும் மனிதர் தாமே பெயர்கிறார்கள். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. மிளகாய்க் கண்டை மேடையிலிருந்து மண்ணோடு பெயர்த்துப் பாத்தியில் நடுகிறோம். கண்டு தானாகப் பெயர்வதில்லை. மற்றக் கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினியான சேர்வரும், தமிழில் வழங்கி, அப்படித்தான். ஆகவே வழங்கி இடம்பெயர்வு என்று எழுதுவது இலக்கணப்படியும் இடறுகிறது. வழங்கிப் பெயர்ப்பு என்பது என் தேர்வு. மொழிபெயர்ப்பு பழகிய நாவுக்கு இது புதிதாக இராது. இடமாற்றம் என்றும் எழுதலாம்தான். ஆனால் இங்கே அதைக் கேட்டதும் ஆசிரியர் இடமாற்றமும் அதற்குப் பின்னால் உள்ள முறைப்பாடுகளும்தான் நினைவுக்கு வரும்.

லைவ் மைகிரேஷன் இன்னும் சிக்கல். நேரலை இடப்பெயர்வு என்று சிலர் எழுதுகிறார்கள். நேரலை என்றால் தொலைக்காட்சியில் போகும் கிரிக்கெட். இங்கே லைவ் என்பது, வேலை செய்துகொண்டிருக்கும்போதே நகர்த்துவது. இயங்குநிலைப் பெயர்ப்பு என்றால் பொருள் விளங்கும்.

அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போய் நான்தான் பாடம் படித்தேன். "2008 இலயும் அப்பிடித்தானே," என்றா. "முதல் லோட்டில நெல்லு மூட்டையும் கழட்டின தகரமும் போச்சு. சமையல் பழைய வீட்டிலதான். அடுத்த லோட்டில மிச்சச் சாமான். கடைசி லோட்டிலதான் கோழியும் நாங்களும்."

அச்சொட்டாக அதே முறை. பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் புதியதற்கு நகலெடுப்பார்கள். அதற்கிடையில் மாறிய பக்கங்கள் அடுத்த சுற்றில் போகும். சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறையும். கையளவு ஆனதும் பழையதை நிறுத்தி, மிஞ்சியதை அனுப்பி, புதியதை எழுப்பிவிடுவார்கள். 2005 இல் கேம்பிரிட்ஜ், கோப்பன்ஹேகன் ஆய்வாளர்கள் ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த க்வேக் 3 விளையாட்டு வழங்கியையே இப்படி நகர்த்தினார்கள். அது நின்றது 60 மில்லி செக்கன் அளவுதான். கண் இமைக்க அதைவிடக் கூட நேரம் எடுக்கும்.

ஆனால் அது ஒரே கட்டடத்துக்குள், தரவு இருக்கும் வட்டு இரண்டுக்கும் பொதுவாக இருக்க, முகவரி மாறாமல் நடந்த கதை. சிங்கப்பூர்த் தரவு மையத்திலிருந்து மும்பைக்கு என்றால் வட்டும் கூடப் போகவேண்டும், வலையில் அதைக் கண்டுபிடிக்கும் எண்ணான ஐபி முகவரியும் மாறும். அதனால் பெரும்பாலும் வேறு வழி: புதிய இடத்தில் தரவுத்தளத்தின் நகலை எழுப்பி, பழையதில் விழுவதெல்லாம் உடனுக்குடன் அங்கும் விழச் செய்து, ஒரு கணத்தில் எழுதுவதை நிறுத்தி, பெயர்ப்பலகையைத் திருப்பிவிடுவது. தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்தான் அந்தப் பலகை.

அந்தப் பலகையில் நான் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். கேட்ட கணினி ஒரு முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று டிஎன்எஸ் சொல்லும் கணக்கு டிடிஎல். அது 86400 செக்கன், அதாவது ஒரு முழு நாள், என்று இருந்ததை முதல் நாளே 300 ஆகக் குறைத்திருக்கவேண்டும். மறந்துபோனேன். பழைய வழங்கியையும் அணைக்காமல் விட்டிருந்தேன். திங்கள் காலை ஒரு கூட்டுறவுக் கடையின் பாதிக் கிளைகள் புதியதில் பில் அடிக்க, மிச்சம் பழையதில் அடித்தன. ஒரே நாளுக்கு இரண்டு கணக்கு. அதை ஒன்றாக்க மூன்று நாள் போனது.

சேவை நின்றிருக்கும் நேரமான டவுன்டைமுக்கு எங்கள் அலுவலகச் சொல், "சேர்வர் படுத்திட்டுது." அறிவித்தலில் அப்படி எழுத முடியாது. செயலிழப்பு நேரம் என்றால் ஏதோ பழுதாகிப்போன தொனி. திட்டமிட்டு நிறுத்துவதும் டவுன்டைம்தானே. மின்தடை என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கும்போது தடைநேரம் என்றே எழுதலாம். சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடத் தடைநேரத்துக்கு இடமுண்டு. 99.99 என்றால் 52 நிமிடம்தான்.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. புதிய இடம் சரிவராவிட்டால் பழையதற்கே திரும்புவது ரோல்பேக். அதற்காகப் பழைய வழங்கியை இரண்டு கிழமையாவது அழிக்காமல், எழுத விடாமல் பூட்டி வைப்போம். அறிவித்தல் எழுதும்போது, இதற்கு என்ன போடுவது என்று கேட்டேன். "மீள்குடியேற்றம் எண்டு போடுங்கோ அண்ணை," என்றான் எங்கள் பெடியன் ஒருவன். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். பிறகு மீள்பெயர்ப்பு என்று எழுதி அனுப்பினேன்.