நீதிமொழிகள் பேசும் எடைக்கல்

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது பைபிளின் நீதிமொழிகள் 11:1. நேர்மையாக இரு என்ற பொதுப் புத்திமதியாகவே இதைப் பலரும் படித்துவிட்டுப் போகிறோம். அந்தக் காலத்துச் சந்தையில் வைத்துப் பார்த்தால், அது ஒரு குறிப்பிட்ட திருட்டைக் குறிவைப்பது தெரியும்.

எருசலேமைத் தலைநகராகக் கொண்டு அரசர்கள் ஆண்ட யூதா நாட்டில் நாணயப் புழக்கம் இல்லை. வெள்ளியைத் துண்டுதுண்டாக நறுக்கி, நிறுத்து விலை கொடுத்தார்கள். மறுதட்டில் இருந்தது கல். மேல்பக்கம் குவிந்த இந்தச் சுண்ணாம்புக்கல் எடைகள் எருசலேமிலும் லாகீசு என்ற யூதா நகரிலும் கிடைத்துள்ளன, பெரும்பாலானவை கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அன்றைய எடை அலகான சேக்கல் ஒன்று சுமார் 11.3 கிராம்.

அப்படியானால் 20:10 கண்டிக்கும் ‘வெவ்வேறான நிறைகல்லும் வெவ்வேறான மரக்காலும்’ எதற்கு? தானியம் விற்கும்போது சிறிய மரக்காலால் அளந்து, வாங்குபவரின் வெள்ளியைக் கனமான கல்லுக்கு எதிராக நிறுப்பார்கள். ஆமோஸ் 8:5 இதை அப்படியே விவரிக்கிறது. விவசாயியிடம் கொள்முதல் செய்யும்போது பெரிய மரக்காலும் லேசான கல்லும் வெளியே வரும். மரக்காலில் 5 சதவீதமும் கல்லில் 5 சதவீதமும் பிசகினால், வாங்குபவர் ஏறக்குறைய பத்தரை சதவீதம் கூடுதலாகக் கொடுத்துவிடுவார். உபாகமம் 25:13 இரண்டு வகைக் கற்களைப் பையில் வைத்திருப்பதையே தடுப்பதன் காரணம் இதுதான்.

கல் சரியாக இருந்தாலும் தராசின் கோல் ஏமாற்றும். கோலின் ஒரு கை 10.2 செ.மீ., மறு கை 9.8 செ.மீ. என்றால் 4 சதவீதம் பிசகு. கல்லையும் வெள்ளியையும் தட்டு மாற்றி நிறுத்தால்தான் குட்டு உடையும்.

இந்த வகை வாசிப்பில் இரண்டு இடங்களில் சறுக்கலாம். எடை ஒத்துவராத கல் கிடைத்தாலே மோசடி என்று முடிவுகட்டக் கூடாது. கையால் செதுக்கிய கற்கள் சில சதவீதம் வேறுபடும், விளிம்பு உடைந்தும் போயிருக்கும். இன்னொன்று எகிப்து. ஆமெனெமோப்பின் அறிவுரை என்ற பண்டைய எகிப்திய நூலும் தராசில் கைவைக்காதே என்கிறது. ஆனால் அந்த நூலோடு நெருங்கி ஒத்துப்போவது நீதிமொழிகள் 22:17இல் தொடங்கும் தொகுப்பு. எடைக்கல் வசனங்களோ 11, 16, 20ஆம் அதிகாரங்களில் இருக்கின்றன. ஆகவே அவற்றை நேரடிக் கடன் என்று சொல்லிவிட முடியாது.

வசனம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். 16:10 ராஜாவைப் பற்றியது, 16:12ம் ராஜாக்களைப் பற்றியதே. எடைக்கு ராஜாவின் அளவு இருந்ததை 2 சாமுவேல் 14:26 காட்டுகிறது. இந்த இரண்டு ராஜ வசனங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, பையிலுள்ள நிறைகற்கள் எல்லாம் கர்த்தருடைய செயல் என்கிறது 16:11. கல்லின் அளவை ராஜாவும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பதே அதன் உட்பொருள் என்று நான் கருதுகிறேன்.