‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று எழுதிக் கொடுக்கும் முன்

விருதுநகரைத் தாண்டி நான்குவழிச் சாலை. முன்னால் போன கார் பிரேக் போட, பின்னால் வந்த சரக்கு வேன் இடித்துவிட்டது. காரின் பின் சீட்டில் இருந்தவர் மதுரையில் பலசரக்குக் கடை நடத்தும் 64 வயதுப் பெரியவர். முன் சீட்டின் முதுகில் தலை மோதியது. ரத்தம் வரவில்லை, வீக்கமும் இல்லை. 108 வண்டி வந்தபோது, “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க போங்க” என்று அனுப்பிவிட்டார். வேன்காரர் கார் பம்பருக்குப் பணம் கொடுத்தார். ‘எனக்கு எந்தக் காயமும் இல்லை, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் தலைவலி. தெரு முனை டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கியிருக்கிறார். பத்து நாள் கழித்துக் கடையில் சில்லறை எண்ணும்போது தடுமாற ஆரம்பித்தார். வயசாகிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். பத்தொன்பதாம் நாள் காலை வாசலுக்கு வந்தவரின் இடது கால் செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. வெறுங்காலை இழுத்தபடி நடந்துகொண்டிருந்தார். மகள் பார்த்துப் பதறி ஸ்கேன் எடுத்தபோது மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் கட்டியிருந்தது. அன்று இரவே ஆபரேஷன்.

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். இந்த மாதிரிக் குடும்பங்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் ஓடியிருக்கும். முதல் கேள்வி, “கேஸ் போட முடியுமா சார்?” என்பதுதான். முடியும். ஆனால் விபத்துக்கும் காயத்துக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளியை எந்தக் காகிதத்தை வைத்து அடைப்பது என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

மூளை அறுவை நிபுணர் கூண்டில் ஏறிச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். மண்டைக்குள் இடம் கூடும். அந்த இடத்தில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று அடிபட்டு அறுந்தால், ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியும். இடம் இருப்பதால் உடனே அழுத்தம் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கால் இழுக்கும், பேச்சுக் குழறும், மறதி வரும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நம் பெரியவர் அந்த மாத்திரைதான் சாப்பிட்டுவந்தார்.

வயிற்றுக் காயமும் இப்படி ஏமாற்றும். சீட் பெல்ட் பதிந்த கன்றல் வயிற்றில் இருந்தால் அலட்சியம் வேண்டாம். மண்ணீரல் கிழிந்து பல நாள் கழித்து உடைவதுண்டு. அப்போது வலி இடது தோள்பட்டையில் தெரியலாம், வயிற்றோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். பின்னாலிருந்து இடித்த விபத்தில் கழுத்து வலி மறுநாள் காலையில் ஆரம்பிப்பது சகஜம். ஆனால் கை மரத்துப்போனால் அது சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், அடி படவில்லை என்றாலும், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மகள் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தார். ஸ்கேன் பிலிம், மருந்துக்கடை ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. அதற்குள் நாலாக மடித்த ஒரு சின்ன மருந்துச் சீட்டு. தெரு முனை டாக்டர் எழுதியது. மாத்திரைப் பெயருக்கு மேலே, அவசரக் கையெழுத்தில் ஒரே வரி: ‘தலைவலி. 4 நாள் முன் கார் விபத்து, தலையில் அடி.’ தேதியும் இருந்தது. அந்த டாக்டரை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

விசாரணையில் இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்: “இந்த ரத்தக்கட்டு குளியலறையில் வழுக்கி விழுந்தும் வந்திருக்கலாம் அல்லவா?” வந்திருக்கலாம் என்றுதான் எந்த நேர்மையான மருத்துவரும் சொல்வார். சீட்டைக் காட்டியபின் அந்தக் கேள்விக்கு வலுவில்லாமல் போயிற்று. அந்தக் கேள்வியில் தப்பும் இல்லை. போலி விபத்து வழக்குகள் நிறைய வந்து எல்லோரையும் சந்தேகப்பட வைத்திருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், இல்லாத வலியைச் சேர்க்காதீர்கள். இருக்கிற வலியை மறைக்கவும் செய்யாதீர்கள்.

விபத்தன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால், பணியிலுள்ள மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எந்த வாகனம், எங்கே, எத்தனை மணிக்கு, உடம்பில் எங்கெல்லாம் வலி என்பது அதில் ஏறிவிடும். “மோட்டார் வண்டி இடித்தது” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் ‘கீழே விழுந்தார்’ என்று எழுதப்படும் அபாயம் உண்டு. செலவுக்குப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடக்கிறது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைச் செலவை, நிர்ணயித்த வரம்புக்குள், அரசே ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு.

பெரியவர் விஷயத்தில் எப்.ஐ.ஆர். மூன்று வாரம் தாமதம். ஆபரேஷன் முடிந்த பிறகுதான் மகள் ஸ்டேஷனுக்குப் போனார். தாமதம் ஒன்றை மட்டும் வைத்து இழப்பீட்டு மனுவைச் சந்தேகிக்கக் கூடாது, அடிபட்டவர் முதலில் சிகிச்சைக்குத்தான் ஓடுவார் என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். மகள் எழுதியிருந்தார். நீங்கள் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

நாள் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166(3), இழப்பீட்டு மனு போட 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாத வரம்பு வைத்திருக்கிறது. அந்த ஆறு மாதம் விபத்து நடந்த நாளிலிருந்து ஓடும், வலி தெரிந்த நாளிலிருந்து அல்ல. இந்த வரம்பை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வரம்பைக் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

சிகிச்சை முடியுமுன் சமரசத்துக்கு அவசரப்படுவதும் வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பின்படி, ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதம் வேறு, தொழிலில் ஏற்படும் இழப்பு வேறு. பெரியவரின் கால் ஓரளவு சரியாகிவிட்டது, ஆனால் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடியவில்லை. கடைக்காரருக்கு அதுதான் பெரிய ஊனம். இது தெரியவே எட்டு மாதம் ஆயிற்று. ‘முழுமையாகத் தீர்ந்தது’ என்ற தாளில் இரண்டாம் மாதமே கையெழுத்துப் போட்டிருந்தால் அதைப் பேச வழியே இருந்திருக்காது.

சாலையோரம் அவர் எழுதிக் கொடுத்த வெள்ளைத்தாளும் வழக்கில் வந்தது. உள்ளே ரத்தம் கசிவது தெரியாத ஒருவர் எழுதியது அது என்று வாதாடினோம், தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. அப்படியொரு தாளில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தால், எல்லாம் போயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மருத்துவமனை வாசலில் வந்து, “கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம்” என்று பேசுகிறவர்களிடம், அவர்களை வக்கீலாக நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். இழப்பீட்டில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது மஞ்சள் பையில் இருப்பது அத்தனையையும் எடுத்துப் போங்கள், கசங்கிய மருந்துச் சீட்டு உட்பட.