இரண்டு அமர்வுகளுக்கு நடுவே நடப்பது என்ன?

"டாக்டர், ஐந்து வாரம் அலைவதற்குப் பதிலாக மொத்தக் கதிரையும் இரண்டே நாளில் கொடுத்துவிட முடியாதா?" கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பத்து நிமிட வேலைக்குத் தினமும் வந்துபோவது பெரும்பாடு. சில சிறிய கட்டிகளுக்கு அப்படிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலானோருக்கு, அவர்கள் வீட்டில் இருக்கும் நேரமும் சிகிச்சையில் சேர்த்திதான்.

வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே கொடுக்கிறோம். (கிரே என்பது உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு.) ஒரு கிரே பட்டாலே ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ.வின் ஒற்றை இழை சுமார் 1000 இடங்களில் அறுகிறது. இரு இழைகளும் சேர்ந்து அறுவது சுமார் 40 இடங்களில். ஒற்றை இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் செல் சரிசெய்துகொள்ளும். ஆபத்து அந்த 40-இல் இருக்கிறது.

அறுந்த முனையை எம்.ஆர்.என். என்ற புரதக் கூட்டு முதலில் பற்றிக்கொண்டு, ஏ.டி.எம். என்ற நொதியை எழுப்புகிறது. அது முறிவின் இருபுறமும் எச்2ஏஎக்ஸ் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டி அடையாளம் வைக்கிறது. பயிற்சிக் காலத்தில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். கதிர் பட்டு அரை மணி நேரமான செல்லின் உட்கரு முழுக்கப் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு முறிவு. 24 மணி நேரம் விட்டுவைத்த இன்னொரு தட்டில் விரல்விட்டு எண்ணும் அளவே மிச்சம். அந்தத் தட்டை நான் மறக்கவே இல்லை.

இதற்கிடையில் பி53 புரதம் செல் பிரிவதை நிறுத்திவைக்கிறது. பெரும்பாலான முனைகளை 'கு' (Ku) என்ற புரதம் பிடித்துக்கொடுக்க, அவை நேரடியாக ஒட்டப்படுகின்றன. டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் விட்டுப்போகலாம். செல் தன் டி.என்.ஏ.வை ஏற்கெனவே நகலெடுத்திருந்தால், பி.ஆர்.சி.ஏ.2 என்ற புரதம் கொண்டுவரும் ராட்51 என்ற இன்னொரு புரதம் அந்த நகலைப் பார்த்துப் பிழையின்றிச் சரிசெய்கிறது. இடைவெளியில் நல்ல செல்கள் இப்படித் தேறிக்கொள்கின்றன. ஆனால் பல புற்றுச் செல்களில் இந்த ஏற்பாடுகளில் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கும். அவை அறுந்த குரோமோசோமோடு பிரியப்போய் மடிகின்றன.

அதற்காக இடைவெளியை நீங்களாக நீட்டிவிடாதீர்கள். தப்பிய புற்றுச் செல்கள் அந்த நாட்களில் பெருகும். வாய், தொண்டைப் புற்றுநோயில் இது கண்கூடு. வர முடியாத நாள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒரே நாளில் காலையும் மாலையும், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் கொடுத்து ஈடுசெய்யலாம். புகைப்பதை இன்றே நிறுத்துங்கள். சத்து மாத்திரை எதையும் எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.