சான்சல்னா என்ன? ஒரு தடுப்பும் ஒரு கூரை பில்லும்

இங்கிலாந்து கிராமத்துப் பழைய சர்ச் எதைப் பத்திப் படிச்சாலும் நேவ், சான்சல்னு ரெண்டு வார்த்தை வந்துகிட்டே இருக்கும். நேவ்னா ஜனங்க கூடுற பெரிய கூடம். அதுக்குக் கிழக்கால, கொஞ்சம் ஒடுங்கலா, பீடம் இருக்கிற பகுதிதான் சான்சல். இதைத் தமிழ்ல கருவறைன்னு எழுதினா எனக்கு ஒட்டல, ஏன்னா அங்க பீடம் மட்டுமில்ல, குருமாரும் பாடகர்களும் உக்கார்ற இடமும் அதுக்குள்ளயே வந்துடும், நம்ம கோயில் கணக்குல கருவறையோட அர்த்தமண்டபத்தையும் சேர்த்த மாதிரி.

வேர்ச்சொல் லத்தீன் கான்செல்லி. குறுக்கும் நெடுக்குமா சட்டம் அடிச்ச தடுப்புன்னு அர்த்தம். பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. முதல்ல தடுப்புக்கு இருந்த பேரு, போகப்போக தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடத்துக்கே ஆகிடுச்சு. கேன்சலும் இதே வேர்தான், எழுதினது மேல குறுக்கும் நெடுக்குமா கோடு இழுத்து அடிக்கிறது. சான்சலரும் அதே வேர்தான், ஆதியில கோர்ட் தடுப்புகிட்ட நின்ன சேவகன், அவரைத்தான் நாம யூனிவர்சிட்டில வேந்தராக்கி உக்கார வச்சிருக்கோம்!

அந்தத் தடுப்பு சாமிக்கும் ஜனங்களுக்கும் நடுவுல மட்டும் இல்ல, செலவுக்கும் நடுவுல நின்னுச்சு. மத்தியகால வழக்கப்படி நேவை ஊர்க்காரங்க பராமரிக்கணும், சான்சலை ரெக்டர், அதாவது ஊர் விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு வாங்குறவர், பராமரிக்கணும். பல ஊர்ல அந்த வருமானம் மடங்களுக்குப் போச்சு, ராஜா எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைச்சதும் சொத்து தனியார் கைக்கு வந்துச்சு, கூடவே கூரை ஒழுகினா சரிபண்ற கடமையும் நிலத்தோட ஒட்டிக்கிட்டே வந்துச்சு.

வார்விக்‌ஷயர்ல ஆஸ்டன் கான்ட்லோன்னு ஒரு சின்ன கிராமம். ஷேக்ஸ்பியரோட அப்பா அம்மா கல்யாணம் அங்க இருக்கிற புனித யோவான் சர்ச்லதான் நடந்துச்சுன்னு சொல்வாங்க. அந்த ஊர்ல இந்தக் கடமை ஒட்டியிருந்த மானிய நிலம் கொண்ட ஒரு பண்ணை பரம்பரையா ஒரு தம்பதி கைக்கு வந்துச்சு. 1990கள்ல சர்ச் நிர்வாகம் சான்சல் ரிப்பேருக்கு அவங்ககிட்ட பணம் கேட்டுச்சு. அப்பீல் கோர்ட்ல அந்தத் தம்பதி ஜெயிச்சாங்க, ஆனா 2003ல, அப்போ நாட்டோட உச்ச கோர்ட்டா இருந்த பிரபுக்கள் சபை, கட்டித்தான் ஆகணும்னு சொல்லிடுச்சு. தொகை 1,86,969 பவுண்டு, வக்கீல் செலவு தனி, கடைசில பண்ணையையே விக்கிற நிலைமை. ஒரு கட்டடத்தோட பாதிக்கு மட்டும் பில்லு, அதுவும் எந்தப் பாதின்னு முடிவு பண்ணது ஒரு மரத்தடுப்பு!

சரி, தமிழ்ல என்ன சொல்றது? தடுப்புக்கு நம்மகிட்ட கிராதி இருக்கு, பழைய கத்தோலிக்கக் கோயில்கள்ல நன்மை, அதாவது பூசையில குரு கொடுக்கிற அப்பம், வாங்க முழங்கால் போடுற இடம். ஆனா அதுவும் தமிழ் இல்ல, ஜன்னல், அலமாரி மாதிரி போர்த்துக்கீசு சரக்கு. சுத்தத் தமிழ்ல அழி. அழிக்கதவு, கம்பியழின்னு பழைய வீடுகள்ல சொல்ற அதே அழி. லத்தீன்ல தடுப்புலேர்ந்து கேன்சல் பொறந்த மாதிரி இங்கயும் அழி தடுப்பாவும் இருக்கு, அழிக்கிறதாவும் இருக்கு, இது தற்செயலாத்தான் இருக்கும், இருந்தாலும் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அழியகம்னு புதுசா ஒரு சொல் செய்யலாம், ஆனா படிக்கிறவங்க அழிஞ்ச வீடுன்னு நினைச்சுடுவாங்க. அதனால இடத்துக்கு பீடப்பகுதி, தடுப்புக்கு அழி, நான் இப்படித்தான் எழுதுறேன்.